ரூடெஸ்ஹைமில் ஒரு நாள்: பர்ஸைத் திறக்கும் முன்

ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் காலையில் ரயில் ஏறினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்கிற தூரத்தில், ரைன் நதிக்கரையில் இருக்கிறது ரூடெஸ்ஹைம். மேலே சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி, கீழே ஆறு, நடுவில் மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நம்மில் பலர் முதலில் அங்கேதான் அழைத்துப் போகிறோம். கேள்விகளும் அந்த ஊரைப் பற்றியே வந்து குவிந்திருப்பதால், இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மதுரையிலிருந்து அப்பா, அம்மா மூன்று வாரம் தங்க வருகிறார்கள். ஒரு நாள் ரூடெஸ்ஹைம் போக ஆசை. அவர்களுக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்துவிடட்டுமா?

அவர்கள் எந்தத் தேதியில் வந்து இறங்குகிறார்கள் என்று முதலில் பாருங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்பது ஜெர்மனி முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களிலும் பஸ்களிலும் செல்லும் சந்தா. ரத்து செய்யும்வரை மாதாமாதம் தொடரும். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025இல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. ஒரு மாதத்தோடு நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிட வேண்டும். 12ஆம் தேதி வந்தவர்களுக்கு அன்றே போனில் எடுத்துக் கொடுத்தால், அடுத்த மாதப் பணமும் சேர்ந்தே போகும். இரண்டு பேருக்கு 252 யூரோ. விமான நிலையத்திலிருந்து வந்த களைப்பில் செய்கிற வேலை இது இல்லை.

மூன்று வாரமும் ஊர் சுற்றப் போகிறார்கள், அதுவும் ஒரே மாதத்துக்குள் என்றால் தாராளமாக எடுங்கள். இந்த ஒரு பயணம்தான் என்றால், பிராங்க்ஃபர்ட்டும் ரூடெஸ்ஹைமும் இருக்கிற ஹெஸ்ஸன் மாநிலத்துக்கான ஹெஸ்ஸன் டிக்கெட் போதும். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை ஒரு நாள் முழுக்கப் போகலாம். வேலை நாட்கள் என்றால் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். உங்களிடம் ஏற்கெனவே சந்தா இருந்தாலும் அப்பா அம்மாவுக்கு இதுவே சரி.

ஏற வேண்டியது ஆர்.பி. 10 என்ற வட்டார ரயில். வீஸ்பாடனில் அது திசை மாறும். அதற்குப் பிறகு, போகிற திசைக்கு இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ஆறு அந்தப் பக்கம்தான்.

கேள்வி: கப்பல், ரோப் கார் எல்லாம் சேர்த்து ஒரே டிக்கெட் விற்கிறார்களே, லாபமா? டாய்ச்லாண்ட் டிக்கெட் அங்கே செல்லாதா?

செல்லாது. சுற்றுலாக் கப்பலும் ரோப் காரும் பொதுப் போக்குவரத்துக் கணக்கில் வராது.

நீங்கள் சொல்வது ரிங் டிக்கெட். ரோப் காரில் நீடர்வால்ட் நினைவுச்சின்னத்துக்கு ஏறி, காட்டு வழியே நடந்து, நாற்காலி லிஃப்டில் அஸ்மான்ஸ்ஹவுசனுக்கு இறங்கி, கப்பலில் ரூடெஸ்ஹைமுக்குத் திரும்புவது. நடக்க முடிகிறவர்களுக்கு நல்ல டிக்கெட். ஆனால் காசு கொடுக்கும் முன், இன்றைக்கு எல்லாம் ஓடுகிறதா என்று கவுன்டரில் ஒரு வார்த்தை கேளுங்கள். குளிர்காலத்தில் பல சேவைகள் நின்றுவிடும், காற்று பலமாக இருந்தாலும் நிறுத்துவார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு வெறும் ரோப் கார், அதுவும் போய்வர, அதுதான் நிம்மதி. கேபின் சின்னது, இரண்டு பேருக்கு. நகர்ந்துகொண்டிருக்கும்போதே ஏற வேண்டும் என்பதால் ஊழியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

1954இல் போட்ட ரோப் கார் அது. கொடி வரிசைகளுக்கு மேலே சத்தமில்லாமல் போகும். மேலே அந்த நீடர்வால்ட் நினைவுச்சின்னம், 1883இல் திறந்த ஜெர்மானியா சிலை. சிலையைவிட, அதன் காலடியில் நின்று ஆறு வளைகிற இடத்தைப் பார்ப்பதற்குத்தான் அந்தக் காசு. ஆற்றின் நடுவே ஒரு குட்டிக் கோபுரம் தெரியும். அதை எலிக் கோபுரம் என்பார்கள்.

கப்பல்தான் முக்கியம் என்றால் இப்படிச் செய்யுங்கள். ரூடெஸ்ஹைமிலிருந்து ஆறு ஓடுகிற திசையில், லோரலை பாறையைக் கடந்து, சாங்க்ட் கோவர்ஸ்ஹவுசன் வரை ஒரு வழி டிக்கெட் மட்டும் வாங்குங்கள். கோட்டைகள் எல்லாம் அந்தப் பாதையிலேயே வந்துவிடும். திரும்பும்போது கப்பல் நீரோட்டத்தை எதிர்த்து வருவதால் நேரம் அதிகம் எடுக்கும். அங்கிருந்து அதே ஆர்.பி. 10 ரயிலில் திரும்பிவிடலாம். ஒன்று கவனியுங்கள்: அந்த ஊர் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்கு அது பிரச்சினையே இல்லை. ஹெஸ்ஸன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் எல்லை எதுவரை என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: டுரோசல்காசே சந்தில் சாப்பிட்டோம். நான்கு பேருக்கு பில் எதிர்பார்த்ததைவிட ரொம்ப அதிகம். ஏமாந்துவிட்டோமா?

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அந்தச் சந்து மொத்தம் 144 மீட்டர் நீளம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் அகலம். பாட்டு, கூட்டம், வண்ணக் கண்ணாடி. அதற்கும் சேர்த்துத்தான் விலை. ஒருமுறை நடந்து பாருங்கள், படம் எடுங்கள். சாப்பிட வேறு தெருவுக்குப் போங்கள்.

எங்கே உட்கார்ந்தாலும் சில உரிமைகள் உங்களுக்கு உண்டு. விலைப்பட்டியல் வாசலிலேயே இருக்க வேண்டும். உள்ளே போகும் முன் நின்று படிப்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். போட்டிருக்கிற விலையில் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கம். டிப்ஸ் உங்கள் விருப்பம். திருப்தியாக இருந்தால் ஐந்து முதல் பத்து சதவீதம் சேர்த்து ரவுண்டாகக் கொடுப்பது வழக்கம். குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. தண்ணீர் என்று கேட்டால் பாட்டில்தான் வரும், பில்லிலும் வரும். கார்டு எடுப்பீர்களா என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், கிளாஸ். ஒயின் விலைக்குப் பக்கத்தில் 0,1 அல்லது 0,2 என்று லிட்டர் அளவு இருக்கும். 0,1 என்பது ஒரு டீ டம்ளர் அளவுதான். மலிவாக இருக்கிறதே என்று விலையை மட்டும் பார்த்துச் சொன்னால் பாதி அளவுதான் வரும். கிளாஸில் மெல்லிய கோடு ஒன்று போட்டிருக்கும், பக்கத்தில் அளவும் இருக்கும். ஒயின் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். ஒருமுறை எங்கள் மேசைக்கு வந்த மூன்று கிளாஸிலும் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அளவு குறைந்திருந்தது. கோட்டைக் காட்டி, "கொஞ்சம் நிரப்பித் தர முடியுமா?" என்றேன். பணியாளர் மறுபேச்சு இல்லாமல் நிரப்பித் தந்தார். கோபப்படத் தேவையே இல்லை. அந்தக் கோடு அங்கே இருப்பதே நாம் பார்ப்பதற்காகத்தான்.

நல்ல விலைக்கு நல்ல சாப்பாடு வேண்டுமென்றால் ஸ்ட்ராஸ்விர்ட்ஷாஃப்ட் தேடுங்கள். திராட்சை விவசாயியே தன் வீட்டு முற்றத்தில் நடத்துகிற கடை. வருடத்துக்கு அதிகபட்சம் நான்கு மாதம், 40 இருக்கை, அவ்வளவுதான் சட்டத்தில் அனுமதி. திறந்திருந்தால் வாசலில் தழைக்கொத்து தொங்கும். தங்கள் ஒயினைத் தாங்களே ஊற்றுவார்கள். சைவக்காரர்கள் ஸ்புண்டகேஸ் கேளுங்கள்: மசாலா கலந்த மென்மையான சீஸ், தொட்டுக்கொள்ள உப்பு பிரெட்சல். குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறு கிடைக்கும். ரூடெஸ்ஹைமர் காபியைச் சாதாரணக் காபி என்று நினைத்து அம்மாவுக்குச் சொல்லிவிடாதீர்கள். அதில் அஸ்பாக் பிராந்தியை ஊற்றிக் கொளுத்துவார்கள்.

கேள்வி: எனக்கு ஒயின் பழக்கமில்லை. மேலதிகாரிக்குப் பரிசாக ஒரு பாட்டில் வாங்க வேண்டும். அழகான லேபிளைப் பார்த்து எடுத்துவிடலாமா?

லேபிளில் படத்தை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள். மூன்று விஷயம் பார்த்தால் போதும்.

ஊற்றி அடைத்தது யார்? குட்ஸ்அப்ஃபுல்லுங் அல்லது எர்ட்சாய்கர்அப்ஃபுல்லுங் என்றிருந்தால் திராட்சை வளர்த்தவர்களே பாட்டிலில் அடைத்தது. வெறும் அப்ஃபுல்லர் என்று இருந்தால் வேறு யாரிடமோ வாங்கி அடைத்ததாக இருக்கலாம். அது கெட்டது என்பதில்லை. ஆனால் இவ்வளவு தூரம் வந்து, சரிவைக் கண்ணால் பார்த்துவிட்டு, அந்தச் சரிவில் விளைந்ததை வாங்காமல் போவானேன்?

அடுத்து இனிப்பு. ட்ரோக்கன் என்றால் இனிப்பு தெரியாது, ஹால்ப்ட்ரோக்கன் லேசாக, லீப்லிஷ் நன்றாகவே இனிக்கும். இதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஷ்பேட்லேசே என்பது தாமதமாக அறுவடை செய்த திராட்சை என்று சொல்கிறதே தவிர, ஒயின் இனிக்கும் என்று சொல்லவில்லை. ட்ரோக்கன் ஷ்பேட்லேசேயும் உண்டு. மேலதிகாரியின் ருசி தெரியவில்லை என்றால், அந்த வட்டாரத்தின் அடையாளமான ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை ஒயினில் ட்ரோக்கன் ஒன்றை எடுங்கள்.

மூன்றாவது, ஏ.பி. எண். தர ஒயின் ஒவ்வொன்றும் அரசுப் பரிசோதனையைத் தாண்டி வருகிறது. அந்த எண் லேபிளில் இருக்கும். கடைசி இரண்டு இலக்கம் பரிசோதித்த வருடம்.

கடை அலமாரியில் பாட்டில் விலையோடு ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்றும் சின்ன எழுத்தில் இருக்கும். பரிசுப் பெட்டியில் வரும் அரை லிட்டர் பாட்டிலை முழு பாட்டிலோடு ஒப்பிட அது உதவும். எனக்குப் பிடித்த வழி வேறு: மேலே ஐபிங்கனில் புனித ஹில்டெகார்ட் மடம் இருக்கிறது. அங்குள்ள கன்னியாஸ்திரீகள் திராட்சை வளர்த்து ஒயின் செய்கிறார்கள், மடத்துக் கடையிலேயே விற்கிறார்கள். கொடுக்கும்போது சொல்வதற்கு ஒரு கதையும் சேர்ந்து கிடைக்கும்.

கேள்வி: அப்பா ஆறு பாட்டில் ஊருக்கு எடுத்துப் போகலாமா? வரியைத் திரும்ப வாங்க முடியுமா?

இந்தியாவுக்குள் ஒருவர் வரியில்லாமல் கொண்டுபோகும் அளவு 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர். மூன்றாவது வைத்தாலே தாண்டிவிடும். ஆக அப்பாவுக்கு இரண்டு, அம்மாவுக்கு இரண்டு. எல்லாம் செக்-இன் பெட்டியில்.

ஜெர்மனியில் கட்டிய மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெற, ஒரே பில் 50 யூரோவுக்கு மேல் இருக்க வேண்டும், வாங்குகிறவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவராக இருக்க வேண்டும். ஆகவே பில் அப்பா பெயரில் இருக்கட்டும். இங்கே வசிக்கிற உங்களுக்குக் கிடைக்காது. இந்த வசதியை எல்லாக் கடைகளும் செய்வதில்லை, முதலிலேயே கேளுங்கள். விமான நிலையத்தில் பெட்டியை அனுப்பிவிடும் முன் சுங்க முத்திரை வாங்க வேண்டும். நாலு பாட்டிலுக்காக அந்த வரிசையில் நிற்கத்தான் வேண்டுமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாங்கிய கண்ணாடிக் கோப்பை செட் வேண்டாம் என்று தோன்றுகிறது. 14 நாளில் திருப்பிக் கொடுக்கலாம்தானே?

அந்த 14 நாள் ஆன்லைன் போன்ற தொலைதூர விற்பனைக்கு. கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கியதைத் திருப்பி எடுப்பது கடைக்காரர் மனசு. விரிசலோ வேறு குறையோ இருந்தால் விஷயம் வேறு. அப்போது இரண்டு வருடம் வரை உங்களுக்குச் சட்ட உரிமை உண்டு. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: செப்டம்பரில் ஃபேடர்வைசர் ஒரு பாட்டில் வாங்கி பையில் போட்டேன். வீடு வருவதற்குள் பாதி வழிந்துவிட்டது. கடைக்காரரிடம் கேட்கலாமா?

கேட்டுப் பயனில்லை. ஃபேடர்வைசர் இன்னும் புளித்துக்கொண்டே இருக்கிற ஒயின். உள்ளே வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும். அது வெளியேறுவதற்காகவே மூடியை இறுக்காமல் வைக்கிறார்கள். இறுக்கினால் பாட்டில் வெடிக்கலாம். அடுத்த முறை நேராக நிற்கிற துணிப்பையில் வைத்து, ரயிலில் இரண்டு காலுக்கும் நடுவே தரையில் நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜிலும் நிமிர்த்தியே வைத்து, ஓரிரு நாளில் குடித்துவிடுங்கள். பையை உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசினால் கறை போய்விடும்.