22 அங்குல ட்விஸ்ட் குழலில் 530 கிரெய்ன் குண்டு ஏன் 500 கெஜத்தில் சிதறுகிறது?

கேள்வியின் சுருக்கம் இது: கேட்டவரிடம் 45-70 (சுமார் 0.45 அங்குல விட்டம், 70 கிரெய்ன் மருந்து) கருமருந்துத் தோட்டா ரைஃபிள் இருக்கிறது. குண்டைச் சுழற்றுவதற்காகக் குழலுக்குள் வெட்டிய வரிகளின் முறுக்கு, அதாவது ட்விஸ்ட், 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 405 கிரெய்ன் (கிரெய்ன் என்பது எடை அளவு) குண்டு ஒழுங்காகப் போகிறது. நீள மூக்கு கொண்ட 530 கிரெய்ன் குண்டு 100 கெஜத்தில் நன்றாகச் சேர்கிறது, 500 கெஜத்தில் சிதறிவிடுகிறது. எடை கூடியதால்தான் இப்படியா என்று கேட்கிறார்.

எடையை விடுங்கள், நீளத்தைப் பாருங்கள். குண்டு பறக்கும்போது காற்றின் அழுத்தம் அதன் எடை மையத்துக்கு முன்னால், மூக்குப் பக்கமாக விழுகிறது. அதனால் மூக்கைப் பிடித்துக் கவிழ்க்கத்தான் காற்று எப்போதும் பார்க்கும். பம்பரம்போலச் சுழல்வதால்தான் குண்டு கவிழாமல் போகிறது. குண்டு நீள நீளக் கவிழ்க்கும் விசைக்கு நெம்பு கூடும், அதற்கு ஈடாகச் சுழற்சியும் கூட வேண்டும். ஒரே 500 கிரெய்னில், ஈயக் குண்டு வார்க்கும் அச்சுகளில் மொண்ணை மூக்கும் இருக்கிறது, கூர் மூக்கும் இருக்கிறது. இரண்டாவதில் வரும் குண்டு நீளம், அதற்கு வேகமான ட்விஸ்ட், அதாவது குறைந்த அங்குலத்தில் ஒரு சுற்று வேண்டும். அச்சுப் பெட்டியில் போட்டிருக்கும் கிரெய்ன் எண்ணை வைத்து ட்விஸ்டை முடிவு செய்யாதீர்கள். வார்த்த குண்டைக் கேலிப்பரில் வைத்து அளந்து பாருங்கள். ஈயத்தில் வெள்ளீயம் கூடினால் எடைதான் குறையும், அச்சு அதேதான் என்பதால் நீளம் ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

இதற்கெல்லோரும் எடுப்பது 1879இல் இங்கிலாந்தின் வுல்விச்சில் கணிதப் பேராசிரியராக இருந்த கிரீன்ஹில் தந்த கணக்கு. குண்டின் நீளத்தை அதன் விட்டத்தால் வகுத்து, 150ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவது எத்தனை விட்ட தூரத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்பது. உங்கள் குண்டு சுமார் 1.4 அங்குலம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம், விட்டம் 0.458. நீளம் 3.06 விட்டம் வருகிறது. 150ஐ அதால் வகுத்தால் 49 விட்டம், அதாவது கிட்டத்தட்ட 22.5 அங்குலம். ஆக, "22 போதும்" என்கிறது சூத்திரம்! உங்களைப் போல இதை நம்பி நீளக் குண்டு அச்சு வாங்குகிறவர்கள் நிறைய.

சிக்கல் அந்த 150இல் இருக்கிறது. நம் குறைந்த வேகத்துக்கு அந்த எண் பெரியது. கருமருந்தில் 45-70 குண்டு குழலை விட்டுக் கிளம்புவதே நொடிக்கு 1,200, 1,300 அடியில்தான். கூடை நிறைய மருந்து போட்டு வேகத்தை ஏற்றலாம் என்றால் தோட்டாக் கூட்டில் இடம் கிடையாது, கருமருந்தும் அப்படி ஏறாது. ஒலியின் வேகமோ சாதாரணக் காற்றில் நொடிக்கு 1,125 அடியை ஒட்டி. முதல் 100, 200 கெஜத்துக்குள்ளேயே நம் குண்டு ஒலி வேகத்தைத் தொட்டுக் கீழே இறங்கிவிடுகிறது. அந்த எல்லையைக் கடக்கும்போதுதான் காற்று குண்டை அதிகம் உலுக்குகிறது, கவிழ்க்கும் விசையும் அங்கேதான் உச்சத்துக்கு வருகிறது. ஓரளவுக்கே நிலையாக இருந்த குண்டு 100 கெஜத்துத் தாளில் அழகான வட்ட ஓட்டை போட்டுவிட்டு, அதற்கப்புறம் ஆட ஆரம்பிக்கும். நவீன ரைஃபிள் குண்டுகள் இந்த எல்லைக்கு வருவது வெகு தூரத்தில். நமக்கு ஒவ்வொரு சூட்டிலும் இது நடக்கிறது.

அதனால் கருமருந்துக்காரர்கள் பலர் 150க்குப் பதில் 125 போட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான். அதே 1.4 அங்குலக் குண்டுக்கு இப்போது 18.7 அங்குலம் வருகிறது. 45 குழலுக்கு, பழைய அமெரிக்க ஷார்ப்ஸ் ரைஃபிள்களின் நகல்கள் 18 அங்குல ட்விஸ்டில் வருவதன் காரணம் புரிகிறதல்லவா. உங்கள் 22 அங்குலத்துக்கு இதையே திருப்பிப் போட்டால் குண்டு 1.19 அங்குலம் வரை என்று வரும். 1873இல் ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளுக்கு 22 அங்குல ட்விஸ்ட் வைத்த அமெரிக்க இராணுவம் அதற்குக் கொடுத்ததும் 405 கிரெய்ன் குட்டைக் குண்டுதான். பிற்பாடு அதே குழலில் 500 கிரெய்ன் குண்டும் சுட்டார்கள், ஆனால் அது மொண்ணை மூக்கு. ஆகவே 125 கறாரான வேலி இல்லை, பாதுகாப்பான பக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 22 ட்விஸ்டில் நான் 1.2ஐ ஒட்டித் தொடங்குவேன். மொண்ணை மூக்கு என்றால் 1.3 வரை பார்க்கலாம். 1.4இல் கூர் மூக்கு என்றால் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஊரும் உயரமும்கூட இதில் விளையாடும். விலங்கு உருவ இலக்குகளைச் சுடும் கருமருந்துப் போட்டிகளுக்குப் பேர்போன ராட்டன் என்ற ஊர், அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. காற்று மெல்லியது, கவிழ்க்கும் விசையும் குறைவு. அங்கே 500 மீட்டர் செம்மறியாட்டு இலக்கு வரை ஒழுங்காகப் போகும், ஓரளவுக்கே நிலையான குண்டு, கடல் மட்டத்தில் குளிர்கால அடர்ந்த காற்றில் ஆடத் தொடங்கலாம். யாராவது "எனக்கு 22 ட்விஸ்டில் ஓடுகிறதே" என்றால் எந்த உயரத்தில் என்று கேளுங்கள்.

ஆனால் 500 கெஜத்தில் சிதறுவதை மட்டும் வைத்து ட்விஸ்டைக் குற்றம் சொல்ல முடியாது. சூட்டுக்குச் சூடு வேகம் மாறினால் மேலும் கீழுமாகச் சிதறும், காற்றைத் தப்பாகக் கணித்தால் பக்கவாட்டில் போகும். 200 கெஜத்திலும், முடிந்தால் 400இலும் தாள் இலக்கு கட்டி ஓட்டைகளைப் பாருங்கள். நீள்வட்டமாக இருந்தால் குண்டு சாய்ந்து போகிறது. அதிலும் ஒரு சூட்சுமம்: முதல் சில சூடுகள் வட்டமாகவும் பிறகு நீள்வட்டமாகவும் மாறினால், குழலில் மருந்துக் கரி காய்ந்து வரி அடைபடுகிறது. சூட்டுக்கு நடுவே ஊதுகுழாயால் ஈர மூச்சு ஊதி, அல்லது ஈரத் துணி விட்டு மறுபடி பாருங்கள். முதல் சூட்டிலிருந்தே நீள்வட்டம் என்றால் நீளம்தான். இன்னொன்று, மென்மையான ஈயத்தில் வார்த்த நீள மூக்கு, மருந்தின் உந்தலில் ஒருபக்கமாகச் சரிந்துவிடுவதும் உண்டு. 16 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் என்று கலந்து வார்த்துப் பாருங்கள்.

ட்விஸ்டையும் குழலில் பொறித்த எண்ணை நம்பாமல் ஒருமுறை அளந்துவிடுங்கள். சுழலும் கைப்பிடி கொண்ட துடைப்புக் கம்பியில் இறுக்கமான துணியைக் கட்டி உள்ளே தள்ளி, கம்பியில் ஒரு கோடு போட்டு மெதுவாக இழுங்கள். கோடு ஒரு முழுச் சுற்று வருவதற்குள் கம்பி எத்தனை அங்குலம் நகர்ந்ததோ அதுவே ட்விஸ்ட். பழைய குழல்களில் இந்த அளவு சொன்னதற்கு மாறாக வருவது புதிதல்ல.

அடுத்த குழல் வாங்கும் எண்ணம் இருந்தால், குண்டை முதலில் தேர்ந்துவிட்டு ட்விஸ்டைக் கேளுங்கள். 38-55 என்ற சிறிய தோட்டாவின் பழைய 18 அங்குல ட்விஸ்ட் 255 கிரெய்ன் குண்டுக்கு ஏற்றது, கணக்கில் சுமார் 1 அங்குல நீளம் வருகிறது. 330 கிரெய்னை எட்டும் நீளக் குண்டை அதில் 500 மீட்டருக்கு அனுப்ப வேண்டும் என்றால் 12 அங்குலம் போன்ற வேகமான குழல் தேவைப்படும்.