ஜாஸ் வாசிக்க ஹாலோ பாடி கிட்டார் வாங்கத்தான் வேண்டுமா?

ஐந்து வருடம் ராக் வாசித்துவிட்டு இப்போது ஜாஸ் ஸ்டாண்டர்டுகள், அதாவது ஜாஸ்காரர் எல்லோரும் வாசிக்கிற பழைய பாட்டுகள், பக்கம் வந்திருக்கிறீர்கள். கோர்ட் (ஒன்றாக மீட்டும் ஸ்வரக் கூட்டு) எல்லாம் ஒன்றோடொன்று குழம்பி இரைச்சலாகக் கேட்கிறது, கையிலிருக்கும் டெலிகாஸ்டரை (கட்டையான பலகை உடல் கொண்ட மின்கிட்டார்) விற்று, உள்ளே வெறுமையான ஹாலோ பாடி வாங்கினால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து விற்காதீர்கள். நான் விற்றவன்.

ரொறன்ரோவில் இரண்டு குளிர்காலம் களஞ்சியசாலையில் இரவு வேலை செய்து சேர்த்த காசு அது. டெலிகாஸ்டரை விற்றதையும் சேர்த்து 2,400 டொலருக்குப் பழைய ஹாலோ பாடி ஒன்று வாங்கினேன். வாங்கிய மூன்றாம் கிழமை, நகரத்துக்குள் ஒரு சின்ன உணவகத்தில் ஜாம், ஒத்திகையில்லாமல் சேர்ந்து வாசிப்பது. 'ஆட்டம் லீவ்ஸ்' என்ற ஸ்டாண்டர்டை வாசிப்போம் என்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆறு தந்தியையும் அமத்திப் பிடிக்கும் பார் கோர்ட். டிரம்ஸுக்கு மேலால் கேட்கவேண்டுமே என்று ஆம்பின் (ஒலிபெருக்கியின்) சத்தத்தைக் கூட்டினேன். கிட்டாரின் வயிறே அதிர்ந்து ஊளையிடத் தொடங்கியது. உள்ளே வெறுமையான பெட்டி அப்படித்தான். ஆம்பின் சத்தம் பலகையை அதிரவைக்கும், பலகை தந்தியை அதிரவைக்கும், அது திரும்ப ஆம்புக்கே போகும். உள்ளங்கையால் தந்திகளை மூடிக்கொண்டு மிச்சப் பாட்டை முடித்தேன்.

இறங்கியதும் பேஸ் வாசித்த பெரியவர் மூலைக்குக் கூப்பிட்டார். எழுபது வயதிருக்கும். கோபப்படவில்லை. என் இடது கையைப் பிடித்து, மூன்றாம் நான்காம் தந்திகளில் மட்டும் இரண்டு விரலை வைத்துவிட்டார். அடியில் இருக்கிற ஸ்வரம் தன்னுடைய வேலை, அதையும் நீ வாசித்தால் நான் எதற்கு என்று கேட்டார்.

அந்த இரண்டு விரல்தான் என் பதில். அடி ஸ்வரத்தை ஒன்று என்று வைத்து எண்ணினால், கோர்ட் மேஜரா மைனரா என்று காட்டுவது மூன்றாம் ஸ்வரம். அது நிற்கப்போகிறதா, வேறெங்கோ போகத் துடிக்கிறதா என்று காட்டுவது, மூன்றாம் ஸ்வரத்தோடு சேர்ந்த ஏழாம் ஸ்வரம். அதே 'ஆட்டம் லீவ்ஸை' ஜி மைனரில் எடுங்கள். முதலில் நான்காம் தந்தியின் ஃப்ரெட் (கழுத்தில் எத்தனையாவது கட்டம் என்ற எண்), அடுத்து மூன்றாம் தந்தியின் ஃப்ரெட் என்று எழுதுகிறேன். சி மைனர் 7க்கு 8-8. எஃப் 7க்கு 7-8. பி ஃப்ளாட் மேஜர் 7க்கு 7-7. ஈ ஃப்ளாட் மேஜர் 7க்கு 5-7. ஏ மைனர் 7 ஃப்ளாட் 5க்கு 5-5. டி 7க்கு 4-5. ஜி மைனருக்கு 3-3. கடைசி மாற்றம் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரு விரல் நிற்க, மற்றது மட்டும் நகர்கிறது. இப்போது மூன்றாம் தந்தியை மட்டும் கேளுங்கள்: 8, 7, 5, 3. ஜோசப் கோஸ்மா 1945இல் பாரிஸில் போட்ட அந்த மெட்டில் நீண்டு நிற்கும் ஸ்வரங்கள் அவைதான்! அன்றிரவு பஸ்ஸில் கிட்டார் உறைக்குள் இருக்க, முழங்காலில் விரலை வைத்து வீடு வரும்வரை அதையே திரும்பத் திரும்ப நகர்த்திக்கொண்டு வந்தேன்.

பெரியவர் போகும்போது ஒரு பெயர் சொன்னார்: எட் பிக்கர்ட். மனிடோபாவில் பிறந்து, இதே ரொறன்ரோவில் வாழ்ந்து 2019இல் மறைந்தவர். 1975இல் இங்கே பூர்பன் ஸ்ட்ரீட் கிளப்பில் போல் டெஸ்மண்டின் சாக்சபோனோடு அவர் வாசித்த பதிவைக் கேளுங்கள். பியானோவே இல்லாத குழு. அந்த இடத்தை முழுக்க நிரப்புவது பிக்கர்டின் கிட்டார். அவர் கையில் இருந்தது டெலிகாஸ்டர்.

ஹாலோ பாடிக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வரவேண்டாம். ஜிம் ஹால் வாசித்த ஈஎஸ்-175 என்ற ஹாலோ பாடியின் அந்த மரச் சத்தம் வேறு எதிலும் வராது, எனக்கும் தெரியும். அடி ஸ்வரத்தை எப்போதுமே விடவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஜோ பாஸ் மாதிரித் தனியாக வாசித்தால் பேஸும் நீங்கள்தான். ஆனால் குழுவில் குறைவாக வாசிப்பது கை வராதவர்கள் செய்வது என்று யாராவது எழுதினால் ஃபிரெடி கிரீனைக் கேட்கச் சொல்லுங்கள். 1937இல் கவுண்ட் பேஸியின் பெரிய ஜாஸ் குழுவில் சேர்ந்து 1987இல் இறக்கும்வரை ரிதம் கிட்டார் வாசித்தவர். பல பதிவுகளில் அவருடைய கோர்டில் ஒரே ஒரு ஸ்வரம்தான் தெளிவாகக் கேட்கும். குழு முழுக்க அதன்மேல் நடக்கிறது.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனம் பொறுக்கவில்லை. நம்முடைய ஆக்களின் விழாக்களுக்கும் வாசிக்கக் கூப்பிடுகிறார்கள். மண்டபத்துக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு, மேடைப் பூவுக்கும் காசு. வாசிக்கிறவனிடம் மட்டும் "தெரிஞ்ச பிள்ளைதானே, பிறகு பாப்பம்" என்கிறார்கள். ஒரு விழாவில் மூன்று மணி நேரம் வாசித்தோம். எட்டு மாதம் ஆகிறது, அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை. டிரம்ஸ் வாசித்த தம்பி மணித்தியாலச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவன். அவன் முகத்தை நான்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

சரி, உங்கள் கிட்டாருக்கு வருவோம். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புகளில் கழுத்துப் பக்கத்ததைப் போடுங்கள், டோன் குமிழை 4க்குக் குறையுங்கள். மச்சானிடம் இரவல் வாங்கிய டெலிகாஸ்டரில் இப்போது நான் அப்படித்தான் வாசிக்கிறேன். ஃப்ளாட்வூண்ட் தந்தி போட்டுப் பாருங்கள். மேலே சுற்றியிருக்கும் கம்பி தட்டையானது என்பதால் விரல் நகரும்போது கீச்சென்ற சத்தம் வராது. ஆனால் தந்தித் தடிப்பில் 9இலிருந்து நேரே 12க்குத் தாவவேண்டாம், 11 போதும். தந்தி தடித்தால் கழுத்து முன்னுக்கு வளையும், கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கொஞ்சம் இறுக்கவேண்டி வரும். கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் தங்கும் நட்டின் வெட்டு ஒடுக்கமாக இருந்தால் தந்தி அதற்குள் சிக்கும், சுருதி நிற்காது. முதலில் அதைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.