டெஷூட்ஸ் ஆற்றில் ஸ்டீல்ஹெட்: கேள்வி பதில்

ஒரேகானில் டெஷூட்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதி, செப்டம்பர் முதல் நவம்பர் வரை, கைடோடு போய் ஃப்ளை (இறகும் நூலும் கட்டிய போலி இரை) வீசும் ராடில் ஸ்டீல்ஹெட் பிடிப்பது. இன்றைக்கு இது ஒன்றைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, ஸ்டீல்ஹெட்டும் ரெயின்போ டிரவுட்டும் ஒன்றுதானா?

ஒரே இனம்தான். ஆற்றிலேயே தங்கிவிட்டால் ரெயின்போ, கடலுக்குப் போய் வளர்ந்து திரும்பினால் ஸ்டீல்ஹெட். இப்போது ஏறி வரும் மீன் முட்டையிடப்போவது அடுத்த வசந்தத்தில். அதுவரை கடலில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் ஓட்டுகிறது. அதனால்தான் சொல்கிறேன்: பிடித்த மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காதீர்கள்.

கேள்வி: என்ன ராட், என்ன லைன்?

பெரும்பாலும் கைடே தருவார், முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தமாக வாங்குவதென்றால் 7 வெயிட் (எந்தக் கன லைனுக்கான ராட் என்பதைச் சொல்லும் எண்), 12½ முதல் 13½ அடி வரை, இரண்டு கையால் வீசும் ஸ்பே ராட். கரை நெடுக ஆல்டர் மரங்கள். லைனைப் பின்னால் வீச இடம் இருக்காது.

மலை நிழல் ஆற்றின் மேல் இருக்கும் காலையிலும் மாலையிலும் மிதக்கும் ஸ்காண்டி ஹெட் (லைனின் கனமான முன்பகுதி), 10 முதல் 12 அடி லீடர் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நூல்), அதன் நுனியில் 10 பவுண்டு தாங்கும் டிப்பெட், 6ஆம் நம்பர் கொக்கியில் கட்டிய க்ரீன் பட் ஸ்கங்க் ஃப்ளை. வெயில் ஆற்றின் மேல் விழுந்ததும் இன்னும் கனமான ஸ்காஜிட் ஹெட்டுக்கு மாறி 10 அடி டி-8 அல்லது டி-11 சிங்க் டிப் (நீரில் மூழ்கும் லைன் நுனி). இதற்கு லீடர் 3, 4 அடி போதும். பலர் காலையில் கட்டிய நீள லீடரையே விட்டுவிடுகிறார்கள். டிப் ஆழத்துக்குப் போகும், ஃப்ளை மேலேயே நிற்கும்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை மீன் கிடைக்கும் சார்?

ஒன்று கொக்கியில் மாட்டினால் நல்ல நாள். ஒன்றுமே தொடாத நாளும் உண்டு.

கேள்வி: ஸ்விங், அதாவது ஃப்ளையை ஆற்றின் குறுக்கே வரவிடுவது, அதைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் கணுக்கால் ஆழத்தில் நின்று 20 அடி லைனில் ஆரம்பியுங்கள். விடியற்காலையில் மீன் கரையோரமாகவே கிடக்கும். இடுப்பளவு இறங்குகிறவர் மீன் கிடக்கும் இடத்திலேயே போய் நிற்கிறார்.

எதிர்க்கரை நோக்கி 45 டிகிரி கீழ்ப்பக்கமாக வீசுங்கள். ஓட்டம் வேகமாக இருந்தால் இன்னும் கீழ்நோக்கி. லைன் விழுந்ததும் அதை ஒருமுறை ஓட்டத்தின் மேல்பக்கமாக மடித்துப் போடுங்கள், இதுதான் மெண்ட். பிறகு கையைச் சும்மா வையுங்கள். லைன் விறைப்பாக, ஆள் நடக்கிற வேகத்தில் ஆற்றைக் குறுக்கே கடந்து வர வேண்டும். லைன் நடுவில் வில் போல வளைந்தால் ஃப்ளை அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். உங்களுக்கு நேர் கீழே வந்து நின்றதும் பத்து வரை எண்ணுங்கள். ஓட்டத்தின் கீழ்ப்பக்கமாக இரண்டு அடி எடுத்து வைத்து மறுபடி வீசுங்கள்.

மீன் தொட்டால் ராடைத் தூக்காதீர்கள்! மீன் உங்களுக்குக் கீழே இருக்கிறது. தூக்கினால் ஃப்ளை அதன் வாயிலிருந்து நேராக வெளியே வந்துவிடும். ரீல் கத்தட்டும். மீன் திரும்பி ஓடும்போது கொக்கி வாய் ஓரத்தில் தானாக ஏறும். பாரம் நிலையாகத் தெரிந்த பிறகு ராடைத் தாழ்வாகக் கரைப்பக்கம் சாயுங்கள்.

கேள்வி: இண்டிகேட்டர் மிதவை கட்டி நிம்ஃப் (நீர்ப்பூச்சிக் குஞ்சு போன்ற, மூழ்கும் ஃப்ளை) போட்டால் அதிக மீன் வருமே. எதற்கு ஸ்விங்கைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்?

அதிகம் வரும், மறுக்கவில்லை. சட்டப்படியும் சரிதான். ஆனால் இந்த ஆற்றுக்கு அது வேண்டாம் என்பேன். இங்குள்ள காட்டு ஸ்டீல்ஹெட் (பண்ணையில் வளர்த்து விடாமல் ஆற்றிலேயே பிறந்தது) 1999 முதல் அமெரிக்க அரசின் அச்சுறுத்தலுக்குள்ளான உயிரினப் பட்டியலில் இருக்கிறது. 2021 இலையுதிர் காலத்தில் வரத்து குறைந்ததால் ஸ்டீல்ஹெட் பிடிப்பையே மூடினார்கள். மாட்டும் மீன் கூடினால், விட்ட பிறகு சாகும் மீனும் கூடும்.

கேள்வி: ஸ்விங்கில் மாட்டிய மீன் மட்டும் சாகாதா அண்ணா? தண்ணீர் ஜில்லிட்டுப் போனால் மீன் நகரவே நகராது, அப்போது நிம்ஃப்தான் வழி.

சாகும். ஒரு மீனுக்கு ஆகும் சேதம் இரண்டிலும் ஒன்றுதான், நான் சொல்வது எண்ணிக்கையை. குளிர்ந்த நீர் பற்றி நீங்கள் சொல்வது சரி. 42 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஸ்விங் கஷ்டம். ஆனால் அக்டோபரில் பெரும்பாலும் 50ஐ ஒட்டி இருக்கும், அப்போது மீன் ஃப்ளையைத் தேடி வரும். இன்னொன்று, ஸ்விங் ஆள் இரண்டிரண்டு அடியாக நகர்ந்து இடத்தை அடுத்தவருக்கு விடுகிறார். நிம்ஃப் ஆள் ஒரே பள்ளத்தில் ஒரு மணி நேரம் நின்று, அதே மீன் மேல் நூறு முறை விடுகிறார்.

கேள்வி: நிம்ஃப் ஆட்களும் நகர்வார்கள்.

நகர்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கேள்வி: இரண்டு நாள் போனால் எத்தனை மீன் எதிர்பார்க்கலாம்?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: படகில் உட்கார்ந்தே வீசலாமா? முழங்கால் வலி.

கூடாது. இந்த ஆற்றில் மிதக்கும் எதிலிருந்தும் மீன் பிடிக்கத் தடை. படகு ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகத்தான். முழங்கால் விஷயத்தை முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள், கூழாங்கல் தரையுள்ள இடமாகக் கைடு பார்த்துக் கொடுப்பார். ஆணி வைத்த பூட்ஸ், ஊன்றுகோல், வேடர்ஸ் (தண்ணீரில் இறங்கப் போடும் நீர்புகா உடை) மேல் இறுக்கிய பெல்ட் மூன்றும் வேண்டும். பெல்ட் இல்லாமல் விழுந்தால் வேடர்ஸுக்குள் தண்ணீர் புகுந்துவிடும், எழுந்திருக்க முடியாது. வெளிறிச் சுத்தமாகத் தெரியும் ஜல்லித் திட்டில் கால் வைக்காதீர்கள், அது சினூக் சால்மன் முட்டையிட்ட இடம்.

கேள்வி: லைசென்ஸ்?

மீன்பிடி லைசென்ஸ், கம்பைண்டு ஆங்லிங் டேக் (ஸ்டீல்ஹெட், சால்மன் போன்றவற்றுக்கான சீட்டு), கொலம்பியா பேசின் எண்டார்ஸ்மெண்ட் (கொலம்பியா ஆற்றுப் படுகையில் பிடிப்பதற்கான கூடுதல் அனுமதி), படகில் போகப் போட்டர் பாஸ். கிளம்பும் வாரம் அவசர விதிகளையும் பாருங்கள், நடுவில் மூடிவிடுவதுண்டு.

கேள்வி: எத்தனை மீன்...

இந்தக் கேள்விக்கு இனி பதில் இல்லை.

கேள்வி: மீனோடு ஒரு போட்டோவாவது எடுக்கலாமா?

மீன் தண்ணீரிலேயே இருந்தால் எடுக்கலாம். முதலில் முதுகில், வாலுக்கு முன்னால் உள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பைப் பாருங்கள். பண்ணை மீனுக்கு அதை வெட்டியிருப்பார்கள்; அது இருந்தால் காட்டு மீன், விட்டே ஆக வேண்டும். கொக்கியின் எதிர்முள்ளைக் காலையிலேயே பிளையரால் நசுக்கியிருந்தால் ஒரு திருகில் கழன்றுவிடும். கையை நனைத்து, வாலின் அடித்தண்டைப் பிடித்து, தலை ஓட்டத்தை எதிர்த்து இருக்கும்படி வையுங்கள். செவுள் திறந்து மூடுவது தெரியும். வால் உங்கள் பிடியை உதறியதும் விட்டுவிடுங்கள்.