பந்தயம் கட்ட ஆள் கிடைக்குமா?

கேள்வி: சவூதியிலும் மன்னர், இங்கிலாந்திலும் மன்னர். வட கொரியாவின் பெயரிலும் ‘ஜனநாயகம்’ இருக்கிறது, நம் இலங்கையின் பெயரிலும் இருக்கிறது. எது என்ன ஆட்சி என்று எப்படித்தான் பிரித்தறிவது? தேத்தண்ணிக் கடையில் இதை வைத்து மச்சானோடு சண்டையே வந்துவிட்டது.
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: பெயரை விடுங்கள், அது போர்டு எழுதுபவர் வேலை. மன்னர் இருப்பதும் பெரிதாக ஒன்றும் சொல்லாது. சவூதி மன்னர் ஆணையிட்டால் அது சட்டம். லண்டன் மன்னர் பாராளுமன்றத்தைத் திறந்துவைத்து வாசிக்கும் உரையைக்கூட அரசாங்கம்தான் எழுதிக் கொடுக்கிறது.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். தேர்தலுக்கு முந்தின இரவு, யார் வெல்வார் என்று ஒரு கொத்துரொட்டிக்குப் பந்தயம் கட்ட ஆள் கிடைக்குமா? 2002இல் ஈராக்கில் சதாம் ஹுசைன் வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு வைத்து, நூற்றுக்கு நூறு பேரும் வேண்டும் என்றார்கள் என்று அறிவித்தார்கள். 2023இல் சீனப் பாராளுமன்றம் ஜனாதிபதியைத் தெரிவு செய்தபோது ஷி ஜின்பிங்குக்கு ஆதரவாக 2,952 வாக்கு, எதிராகப் பூச்சியம். இதற்கெல்லாம் எந்தப் பைத்தியக்காரன் பந்தயம் கட்டுவான்? ஆனால் இங்கே 2015 ஜனவரியில் ஜனாதிபதியாக இருந்த மகிந்த ராஜபக்ஷ தானாகவே தேர்தலை முன்கூட்டி வைத்து, தோற்று, முழு முடிவும் வருமுன்னே அலரி மாளிகையை விட்டுப் போனார். 2024 ஜனாதிபதித் தேர்தலில் முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதி வாக்குத் தேறாமல், அடுத்த விருப்பம் யார் என்று நாம் 2, 3 போட்ட இலக்கங்களையும் முதல் தடவையாக எண்ண வேண்டி வந்தது. அன்று நம் தெருவில் பந்தயம் கட்டியவர்கள் சரியாக நித்திரைகூடக் கொள்ளவில்லை.

நடுவிலும் ஒரு ரகம் உண்டு. சிங்கப்பூரில் 1959இலிருந்து ஒரே கட்சிதான் ஆள்கிறது. தேர்தல் நடக்கிறது, எதிர்க்கட்சியும் நிற்கிறது, வாக்குகளையும் ஒழுங்காகத்தான் எண்ணுகிறார்கள், ஆனால் அங்கே பந்தயம் யார் வெல்வார் என்பதில் இல்லை, எதிர்க்கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதில்தான்.

சரி, நாம் மட்டும் ரொம்ப ஒழுங்கா? 1977இல் தெரிவான பாராளுமன்றம், 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு வாக்கெடுப்பை வைத்துத் தன் ஆயுளை இன்னும் ஆறு வருடம் நீட்டிக்கொண்டது. அது பழைய கதை என்றால் நம் கிழக்கு மாகாண சபையைப் பாருங்கள். 2012 செப்டெம்பரில் வாக்களித்தோம், 2017இல் காலம் முடிந்தது, அப்புறம் ஆண்டுக்கணக்கில் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர் கையில்தான் மாகாணம். ஆக, ஒரே வீட்டில் மேல்மாடி ஒரு மாதிரி, கீழ்மாடி வேறு மாதிரி. என் தங்கையின் மகளுக்கு வாக்குரிமை வந்து பல வருடமாகிறது; ஜனாதிபதித் தேர்தலில் விரலில் பூசிய மையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டாள். போன கிழமை என்னிடம் கேட்கிறாள், “மாமா, மாகாண சபைக்கும் வாக்குப் போடுவார்களா?”