தாத்தா விட்டுப்போன ரீல் பெட்டி: துடைப்பதும் ஒட்டுவதும் – கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவுக்கு டிவி வந்தது 1976-இல்தான். அதுவரை வீட்டிலும் மண்டபத்திலும் ஓடிய 16 மி.மீ. சினிமா பிலிம் ரீல்கள் இன்னும் பல வீடுகளில் அலமாரி மேல் கிடக்கின்றன. அவற்றைப் பற்றி டர்பன் பக்கத்து ஊர்களிலிருந்து நீங்கள் கேட்டவற்றுக்கு, ஊர்ப் பெயரோடு பதில் எழுதியிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த்: அண்ணா, டப்பாவைத் திறந்தாலே வினிகர் வாடை. துடைத்தால் போகுமா?

போகாது தம்பி. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும். டர்பன் புழுக்கம் அதை இன்னும் வேகப்படுத்தும். அந்த ஆவி பக்கத்து ரீலையும் கெடுக்கும் என்பதால் முதலில் அதைத் தனியே எடுத்து வையுங்கள். மூடியை டேப் போட்டு இறுக்க வேண்டாம். சுருங்கி நெளிந்திருந்தால் புரொஜெக்டரில் ஏற்றவே கூடாது, பற்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும். சீக்கிரம் ஸ்கேன் செய்யக் கொடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: வெள்ளைப் பூசணம் படர்ந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். படம் இருப்பது பிலிம் மேல் பூசிய ஜெலட்டின் படலத்தில். பூசணம் அரித்த ஜெலட்டின் தண்ணீர் பட்டால் கரையும். தொடக்கத்தில் நானும் ஈரத்துணியால் ஒரு ரீலைத் துடைத்தேன். ஒரு மணப்பெண்ணின் முகம் அப்படியே துணியோடு வந்துவிட்டது. இன்றுவரை அது மனதை விட்டுப் போகவில்லை.

99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். 70 சதவீதம் ஆகாது, மீதி தண்ணீர். மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள். நூல் உதிராத மெல்லிய துணியை லேசாக நனைத்து, அதன் மடிப்புக்குள் பிலிமைப் பிடித்து, மறு கையால் ரிவைண்டரை (பிலிமை ஒரு ரீலிலிருந்து இன்னொன்றுக்குச் சுற்றும் கருவி) மெதுவாகச் சுற்றுங்கள். அடுத்த ரீலில் ஏறும் முன் ஈரம் காய்ந்திருக்க வேண்டும், அந்த வேகம் போதும். துணி கறுத்ததும் மடிப்பை மாற்றுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தூசியே படத்தில் கோடு போட்டுவிடும்.

வெருலம்: பிலிமுக்குத் தையல் மெஷின் எண்ணெய் போடலாமா?

கூடாது. தூசி ஒட்டும், அப்புறம் பிலிமை ஒட்டும் டேப் பிடிக்காது. பிலிமுக்கென்றே விற்கும் லூப்ரிகன்ட் (வழவழப்பாக்கும் திரவம்) இருக்கிறது. துடைத்து முடித்தபின் துணியில் சில சொட்டு போதும்.

பீனிக்ஸ்: அறுந்த பிலிமை பிலிம் சிமென்ட் என்ற பசை வைத்து ஒட்டினேன், பிரிந்து வந்துவிட்டது.

அது பாலியஸ்டர் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் பிலிமாக இருக்கலாம். சிமென்ட் அசிடேட்டைக் கரைத்துத்தான் இணைக்கும். பாலியஸ்டர் அதில் கரையாது. ரீலைப் பக்கவாட்டில் விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவினால் பாலியஸ்டர், இருண்டு தெரிந்தால் அசிடேட். பாலியஸ்டருக்கு டேப்தான். கிழிந்த இடத்தை வெட்டும்போது கஞ்சத்தனமாக இருங்கள்: 16 மி.மீ.யில் ஒலி தன் படத்துக்கு 26 பிரேம் முன்னால் இருக்கிறது. இங்கே வெட்டினால் ஒரு வினாடி தள்ளி யாரோ பேசும் சொல் அறுந்துபோகும்.

டொங்காட்: படம் முழுக்கச் சிவந்துவிட்டது, எதை வைத்துத் துடைப்பது?

அது அழுக்கு இல்லை அக்கா, மற்றச் சாயங்கள் மங்கிப்போய்விட்டன. ஸ்கேன் செய்தபின் கம்ப்யூட்டரில் ஓரளவு திருத்தலாம். அதுவரை வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.