மழையும் நியானும் இல்லாத எதிர்காலம்: கேள்வி பதில்

அஸ்தம்பட்டி மாணவர்: எதிர்கால நகரம் என்றாலே இரவு, மழை, நியான் விளக்கு. ஏன் சார்?

1982-ல் வந்த 'பிளேடு ரன்னர்' என்ற ஹாலிவுட் படம்தான் பெரிய காரணம். கதை நடப்பது 2019 நவம்பர், லாஸ் ஏஞ்சல்ஸில். தெருக்காட்சிகள் பலவற்றை பர்பேங்க் ஸ்டுடியோவின் பழைய தெரு செட்டில்தான் எடுத்தார்கள். பகலில் எடுத்தால் செட் என்று தெரிந்துவிடும். இருட்டும் மழையும் புகையும் அதை மறைத்தன. வடிவமைப்பாளர் சிட் மீட் வரைந்த அந்தத் தெருக்களில், பழைய கட்டடத்தின் மேலேயே புதுக் குழாயும் கம்பியும் ஏறியிருக்கும். படத்தின் உயிரே அதுதான். பின்னால் வந்த பலர் நியானை எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம்.

அம்மாபேட்டை வாசகி: நம்ம சேலத்தில் இப்படி அறிவியல் கற்பனைப் படம் எடுத்ததுண்டா அண்ணா?

உண்டும்மா. மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து தயாரித்த 'காடு', 1952. அழிந்துபோன மாமூத் என்னும் ரோம யானைகள் காட்டில் உயிரோடு இருப்பதாகக் கதை. கம்ப்யூட்டர் ஏது அப்போது? நிஜ யானைக்கே ரோமம் போர்த்திவிட்டார்கள்!

ஓமலூர் வாசகர்: பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் 2080 சேலம் செய்கிறேன். எங்கே ஆரம்பிக்க?

வெயிலில் ஆரம்பியுங்க தம்பி. நம்ம ஊர் வெளிச்சம் அது. மேக்னசைட் சுரங்கத்து வெள்ளை மேடுகளை உச்சி வெயிலில் பாருங்கள், வேறு கிரகம் மாதிரி இருக்கும். பின்னணிக்குச் சேர்வராயன் மலை; தூரம் கூடக்கூட நிறம் வெளுத்து நீலம் ஏற வேண்டும், இல்லையென்றால் மலை அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும். அப்புறம், ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தை இடித்துவிடாதீர்கள். 2080-ல் அது வயதான பாலம். தண்ணீர் வழிந்த கறை, ஒட்டுப்போட்ட சிமென்ட், இடுக்கில் முளைத்த அரசங்கன்று எல்லாம் வேண்டும். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் அன்றைக்கு என்ன செய்வார்கள்? அதற்குப் பதில் கிடைத்தால் பாதிப் படம் முடிந்தது.

அதே வாசகர்: விலை உயர்ந்த கணினி வேண்டுமா?

தொடங்குவதற்குத் தேவையில்லை. பிளெண்டரிலேயே இருக்கும், காட்சியை வேகமாகப் படமாக்கித் தரும் ஈவீ ரெண்டர் போதும்.

ஏற்காடு ஆசிரியை: மாணவர்கள் ஏஐ-யிலேயே செய்து வருகிறார்கள். சரியா?

தடுக்க வேண்டாம் டீச்சர். ஆனால் அது ஏற்கெனவே இருக்கும் கோடிக்கணக்கான படங்களில் கற்றது. 'எதிர்கால நகரம்' என்று மட்டும் கேட்டால் அதே நியான் மழையைத்தான் தரும். முதலில் பிள்ளைகளை ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் உட்காரவைத்து வரையச் சொல்லுங்கள். எது மாறும், எது மாறாது என்று அந்தத் தாளிலேயே குறிக்கட்டும். ஏஐ பக்கம் போவது அதற்கு அப்புறம்.