துப்பாக்கி குறி தப்பாத கதை: கேள்வி பதில்

துப்பாக்கிச் சுடுதல் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும், பழைய ஆயுதங்களில் ஆர்வமுள்ள நண்பர்களும் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, வெள்ளைக்காரன் காலத்துச் சிப்பாய்கள் தோளோடு தோள் உரசி வரிசையாக நின்று சுட்டார்களே, ஏன்? மறைந்து நின்று குறிபார்த்துச் சுட்டிருக்கலாமே?

குறிபார்த்துப் பெரிய பயன் இல்லை தம்பி. 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆங்கிலேயப் படை வைத்திருந்தது பிரவுன் பெஸ் என்ற மஸ்கட், அதாவது உட்பக்கம் வழவழப்பான குழல் கொண்ட பழைய நீளத் துப்பாக்கி. குழலின் உள்விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர். ஈயக்குண்டு அதைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சிறியது. தொடர்ந்து சுட்டால் கரி படிந்து குழல் குறுகும், அப்போதும் குண்டு சட்டென்று உள்ளே இறங்க வேண்டும் என்பதற்காகவே அந்த இடைவெளி. விளைவு, சுட்டதும் குண்டு குழலின் சுவரில் இங்கும் அங்கும் மோதிக்கொண்டே வெளியே வரும். கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ, அதற்கேற்ற திசையில் போகும். நூறு கஜத்தைத் தாண்டினால் தனி ஆளைக் குறிவைப்பது வீண். ஆகவேதான் நூறு பேர் ஒரே நேரத்தில் சுட்டார்கள்.

ரைஃபிள் குழலுக்குள் சுற்றிச் சுற்றி ஓடும் பள்ளங்களை முதலில் போட்டது எந்த நாட்டு ராணுவம், சார்?

எந்த ராணுவமும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான். ஜெர்மானிய, சுவிஸ் நகரங்களில் குறிபார்த்துச் சுடும் சங்கங்கள் இருந்தன. விழா நாட்களில் பரிசுக்காகப் போட்டி நடக்கும். அந்தப் போட்டிக்காரர்களும் வேட்டைக்காரர்களும்தான் புரியிட்ட, அதாவது சுருள் பள்ளம் வெட்டிய, குழலை வளர்த்தவர்கள். பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு வெளியேறும் குண்டு, பம்பரம் போலச் சுழல்வதால் தன் போக்கில் நிலையாக நிற்கிறது.

1563-இல் பெர்ன் நகர நிர்வாகம் ஓர் உத்தரவே போட்டது. புரியிட்ட துப்பாக்கிக்காரர்கள் சாதாரணப் போட்டிகளில் கலந்துகொள்ளக் கூடாது, மீறினால் அபராதம், அவர்களுக்குத் தனிப் பரிசு. சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ‘இவர்களோடு எப்படிப் போட்டி போடுவது’ என்று சண்டைக்கு வந்ததுதான் காரணம். ராணுவங்கள் இதைப் பரவலாக ஏற்க இன்னும் முந்நூறு வருடம் ஆயிற்று. துப்பாக்கியின் துல்லியம் போர்க்களத்தில் பிறந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல, போட்டி மைதானத்தில் பிறந்தது.

முந்நூறு வருடம் ஏன் தாமதம்?

மருந்து கெட்டிக்கும் நேரம்தான். புரி பிடிக்க வேண்டுமென்றால் குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமான குண்டை வாய்ப்பக்கமாக இடித்து இறக்குவதற்குள் மஸ்கட்காரன் இரண்டு மூன்று முறை சுட்டுவிடுவான். முடிச்சை அவிழ்த்தவர் பிரான்ஸ் ராணுவ அதிகாரி மினியே. 1849-இல் அவர் செய்த குண்டு கூம்பு வடிவம், அடிப்பக்கம் குழிவு. குழலைவிடச் சற்றுச் சிறியது என்பதால் எளிதாக உள்ளே இறங்கிவிடும். மருந்து வெடித்ததும் வாயு அந்தக் குழிவுக்குள் அழுத்தி ஈயத்தை விரிக்கும், அது பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும். எவ்வளவு எளிய தீர்வு பாருங்கள்!

1857 கிளர்ச்சியில் பேசப்படும் கொழுப்புத் தோட்டாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. அப்போது சிப்பாய்களுக்குக் கொடுத்த என்ஃபீல்டு துப்பாக்கி, இந்தப் புதுவகை ரைஃபிள்தான். காகிதத் தோட்டாவில் மருந்தும் குண்டும் சேர்ந்திருக்கும். குண்டு வழுக்கி இறங்கக் காகிதத்தில் கொழுப்பு தடவினார்கள். அதைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும் என்பது பயிற்சி விதி. பசுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்ற சந்தேகம் ராணுவ முகாம்களில் பரவியது. பிறகு கையால் கிழிக்கலாம் என்று விதியை மாற்றியும் பயனில்லை. கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல இருந்தன, தோட்டா பற்றவைத்த பொறி.

எங்கள் ஊர்ப் பக்கம் நாட்டுத் துப்பாக்கியில் சின்னதாகச் செம்புக் கேப் வைத்துச் சுடுவார்களே, அது யார் யோசனை?

அதற்கு வழிவிட்டவர் ஸ்காட்லாந்தில் ஒரு பாதிரியார், அலெக்சாண்டர் ஃபோர்சித். வாத்து வேட்டைப் பிரியர். சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் முதலில் வெளியே பொறி பளிச்சிடும், கணம் கழித்துத்தான் குண்டு கிளம்பும். அந்த வெளிச்சத்தைப் பார்த்ததுமே பறவை எழும்பிவிடும். அடித்தால் வெடிக்கும் ரசாயனப் பொடியைப் பயன்படுத்தி 1807-இல் காப்புரிமை பெற்றார். செம்புக் கேப் அதற்குப் பின் வந்தது.

நவீனப் போட்டிகள் எப்போது தொடங்கின?

பிரிட்டனைச் சொன்னால் 1860 ஜூலை 2, லண்டனுக்கு அருகே விம்பிள்டன் திடல். விட்வொர்த் ரைஃபிளை இரும்புத் தாங்கியில் அசையாமல் பூட்டி, 400 கஜத்தில் இலக்கைக் குறிவைத்து, விசையில் பட்டுக்கயிறு கட்டியிருந்தார்கள். விக்டோரியா ராணி கயிற்றை இழுத்தார். குண்டு நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் பட்டது. அந்த ரைஃபிளின் குழல் உள்ளே அறுகோணம்! துல்லியத்தில் என்ஃபீல்டை மிஞ்சியும், விலையாலும் கரி படிவதாலும் ராணுவம் அதை வாங்கவில்லை. இங்கேயும் போட்டிக்காரர்கள்தான் முந்தினார்கள். 1890-இல் போட்டி பிஸ்லி என்ற ஊருக்கு மாறியது. ஒலிம்பிக்கில் 1896-இலேயே சுடுதல் இடம்பெற்றது.

உயிருள்ள புறாக்களைச் சுட்டார்களாமே?

ஆமாம், 1900-இல் பாரிஸில். நல்லவேளை, இன்று ‘களிமண் புறா’ என்று பெயர் பெற்ற தட்டுகள்.

ஏர் ரைஃபிள் வெறும் விளையாட்டுச் சாமான்தானே என்கிறார் அப்பா. என்ன சொல்லட்டும்?

1780 வாக்கில் ஆஸ்திரியப் படை ஜிரார்தோனி என்ற காற்றுத் துப்பாக்கியையே வைத்திருந்தது என்று சொல்லுங்கள். அடிக்கட்டையே காற்றுக் குடுவை, சுமார் இருபது குண்டுகளைத் தொடர்ந்து சுடலாம்.

இன்றைய போட்டியைச் சொல்கிறேன். தூரம் 10 மீட்டர், பெல்லட் எனும் சிறு குண்டு 4.5 மில்லிமீட்டர். பத்துப் புள்ளிக்கான வட்டமோ வெறும் அரை மில்லிமீட்டர், பெல்லட்டைவிட ஒன்பது மடங்கு சிறியது! 2008 பெய்ஜிங் இறுதியில், கடைசிச் சுடுதலுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்ரி ஹாக்கினனும் சமநிலை. இறுதிச் சுற்றில் புள்ளியைத் தசமத்தில் கணக்கிடுவார்கள். ஹாக்கினன் 9.7. பிந்த்ரா 10.8. இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அப்படித்தான் வந்தது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனதும் இதே ஏர் ரைஃபிளோடுதான். அப்பாவை ஒருநாள் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்து வாருங்கள்.